எழுநூற்று இருபது பாகை

உப்புவெளி ஹோட்டலுக்கு ஒரு விளக்குக்கூடு வேண்டுமாம்.
பன்னிரண்டு முகம், எல்லாம் ஐங்கோணம்,
விளிம்பு முப்பது சென்ரிமீற்றர்.
ஃபோனில் சுமேத சொல்லச் சொல்ல
பில் புத்தகத்தின் முதுகில் எழுதிக்கொண்டேன்.
செய்ய ஏலுமா?
நாளைக்குச் சொல்கிறேன்.
அன்றுவரை நான் செய்ததெல்லாம் ஆறு முகம்:
தண்ணீர்த் தொட்டி, உண்டியல்,
மீன்காரருக்கு ஐஸ் பெட்டி.

அனுராதபுரச் சந்திக்குக் கிட்ட எங்கள் பட்டறை.
அளப்பதும் வெட்டுவதும் நான்.
ஒட்டுவது இல்யாஸ். கிண்ணியாப் பாலம் கடந்து
ஏழரைக்கு வந்துவிடுவான்.

இரவு காட்போட் மட்டையில் ஐங்கோணம் கீறினேன்.
ஒவ்வொரு மூலையும் நூற்றெட்டுப் பாகை.
மூன்றை ஒரு புள்ளியில் சேர்த்து வைத்தால்
முந்நூற்று இருபத்து நாலு.
முழு வட்டத்துக்கு முப்பத்தாறு போதாது.
அந்த இல்லாத முப்பத்தாறை இழுத்து மூடினேன்,
தட்டையாய்க் கிடந்த மட்டை
தலை தூக்கியது.

அப்படி இருபது மூலை.
இருபது முப்பத்தாறு எழுநூற்று இருபது.

நித்திரை வரவில்லை.
மற்றவற்றையும் போட்டுப் பார்த்தேன்.
சதுரமுகி: எட்டு மூலை, மூலைக்குத் தொண்ணூறு.
எண்முகி: ஆறு மூலை, நூற்றிருபது.
இருபதுமுகி: பன்னிரண்டு, அறுபது.
எழுநூற்று இருபது. எழுநூற்று இருபது. எழுநூற்று இருபது.
கல்குலேற்றர் பழுதோ என்று
மேசையில் இரண்டு தட்டுத் தட்டினேன்.
மூடி நிற்கிற இவை எல்லாமே
இரண்டு முழு வட்டத்தை இழந்துதான் நிற்கின்றன;
எத்தனை மூலைக்குப் பங்கு போடுவது என்பதில்தான்
பேதம்.

காலையில் என் மட்டை ஐங்கோணம்
வாசலில் ஒரு மூலை இல்லாமல் கிடந்தது.
பஸ் நிலையத்துப் புள்ளிமான் ஒன்று
தின்றுவிட்டுப் போயிருக்கிறது.
"அதுக்கும் கணக்குத் தெரியும் அக்கா" என்றான் இல்யாஸ்,
"வெட்ட வேண்டியதை வெட்டிட்டுது."

முகத்துக்கும் முகத்துக்கும் இடையில்
நூற்றுப் பதினாறு பாகை, முப்பத்து நாலு கலை.
கலையை யார் பார்க்கப்போகிறார்கள் என்று விட்டேன்.
பன்னிரண்டாவது முகம் பார்த்தது.
கடைசித் தையலில் நாலு மில்லிமீற்றர் வாய் திறந்தபடி.
இல்யாஸ் ஒன்றும் சொல்லவில்லை.
கிரைண்டரை எடுத்து மூன்று தையலை அறுத்தான்.
அஸர் பாங்கு கேட்டது, தொழுதுவிட்டு வந்து
மறுபடி ஒட்டினான்.

அதன் பிறகுதான் கதவு.
மூலைக்கு மூலை எண்பத்து நாலு சென்ரிமீற்றர்.
கதவு எழுபது.
எல்லாவற்றையும் அளந்த நான்
கதவை அளக்கவில்லை.
வெளியே பிக்கப்காரன் ஹோர்ன் அடிக்கிறான்.
நிலையைக் கழற்றுவோமா என்றான் இல்யாஸ்.
பொறு என்று பில் புத்தகத்தைத் திருப்பினேன்:
முகத்துக்கு முகம் அறுபத்தாறு புள்ளி எட்டு.
உருட்டி, உருட்டி,
ஒரு முகம் இந்த நிலைக்கு, எதிர்முகம் அந்த நிலைக்கு.
பக்கத்துக்கு ஒரு விரல் மிச்சம் வைத்து
மூலை முட்டிய வாசலால்
முகம் போனது.

உள்ளே இருநூற்றேழு லீற்றர் கொள்ளும்.
சீனன்குடாவில் வளர்ந்தவளுக்கு
அது எவ்வளவு என்று கண்ணே சொல்லும்:
ஒரு எண்ணெய்ப் பீப்பாய்.
ஹோட்டலில் பல்பைப் போட்டதும்
ஓட்டைத் தகட்டுக்குள்
ஒரு பீப்பாய் வெளிச்சம் ததும்பியது.

சுமேத பில்லைப் பார்த்தார்.
"தகடு மூன்று சதுர மீற்றர் என்று இருக்கு.
விளக்கு இரண்டுகூட வராதே?"
அவரும் கணக்குப் போட்டிருக்கிறார்!
கோபம் வரவேண்டிய இடத்தில் எனக்குச் சந்தோஷம் வந்தது.
"மிச்சம் வெட்டினது" என்றேன்,
"வெட்டாட்டி எழும்பாது."
ஐந்நூறு ரூபா குறைத்துத்தான் தந்தார்.

வெட்டுத் துண்டில் நாலு முக்கோணம் தேற்றி
இல்யாஸ் ஒரு நான்முகி ஒட்டினான், கதவுக்கு முட்டாக.
அதையும் போட்டுப் பார்த்தேன்:
நாலே மூலை, மூலைக்கு நூற்றெண்பது.
ஒவ்வொரு மூலையிலும் பாதி வட்டம் போய்விட்டது.
பங்கு போட ஆள் குறைந்தால்
ஆளுக்கு இழப்புக் கூட;
கூர் அங்கேயிருந்துதான் வருகிறது.

இதைப் படித்து அறியவில்லை.
அன்றிரவு மின்வெட்டு.
எப்படி விழுந்தாலும் மூன்று முனையில் நிற்கும் அது,
நாலாவதால்
என் வெறுங்காலைக் கண்டுபிடித்தது.